உழவர் எழுதிய சாசனமும் உயர்குடிப் பள்ளியின் வாயிலும்

பிள்ளை பேசத் தொடங்குமுன்பே அதற்குரிய பள்ளியைத் தேடி அலைவது இக்காலப் பெற்றோர் பலரின் பெருங்கவலையாகியுள்ளது. பெயர்பெற்ற தனியார் பள்ளியில் இடம் கிடைத்தால் பிள்ளையின் எதிர்காலம் உறுதியாயிற்று என்றும், கிடைக்காவிடில் எல்லாம் போயிற்று என்றும் கருதுகின்றனர். இக்கவலை எவ்வளவு தூரம் நியாயமானது? இத்தகைய பள்ளிகளுக்கு முன்மாதிரியாக விளங்கிய இங்கிலாந்தின் வரலாற்றில் இதற்கு ஒரு விடை உண்டு.

அந்நாட்டில் செல்வர் பயிலும் பழம்பெரும் தனியார் பள்ளிகளைப் 'பொதுப்பள்ளிகள்' என்றே அழைப்பர். பெயரிலுள்ள இம்முரண் அவற்றின் தோற்றத்தை நினைவூட்டுகிறது. 1382இல் வில்லியம் ஆப் விக்கம் என்னும் ஆயர் நிறுவிய வின்செஸ்டர் கல்லூரி எழுபது ஏழை மாணவர்களுக்கு உரியதாக இருந்தது. 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் நிறுவிய ஈட்டன் கல்லூரியும் அதே நோக்கமுடையது. நிலத்தின் வருவாயை நிலையான அறத்திற்கு ஒதுக்கி, அதன் பயனாளிகள் இன்னார் எனச் சாசனம் எழுதி வைக்கும் இம்முறை, வக்ஃபு முறையை அறிந்த நமக்குப் புதியதன்று. ஆயினும் வின்செஸ்டரின் சட்டத்திலேயே, உயர்குடிப் பிள்ளைகள் பத்துப்பேர் வரை தம் செலவில் பயிலலாம் என்றொரு விதிவிலக்கும் இருந்தது. இத்தகைய சிறு வாயில்கள் பிற்காலத்தில் தலைவாயில்களாயின. இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவது ஹாரோ பள்ளியின் வரலாறாகும்.

இலண்டனுக்கு வடமேற்கே ஹாரோ என்னும் ஊரில் வாழ்ந்த வசதிபடைத்த உழவர் ஜான் லயன், 1572இல் எலிசபெத் அரசியாரிடம் உரிமைச் சாசனம் பெற்றார். தம் நிலங்களின் வருவாயில் ஒரு பகுதியை உள்ளூர்ச் சிறுவரின் இலவசக் கல்விக்கும், மற்றொரு பகுதியை இலண்டனுக்குச் செல்லும் சாலைகளின் பராமரிப்பிற்கும் அவர் ஒதுக்கினார். வெளியூர் மாணவரைக் கட்டணம் பெற்றுச் சேர்த்துக்கொள்ளவும் அவர் வகுத்த விதிகள் இடமளித்தன.

அந்த அனுமதியே பள்ளியின் போக்கை மாற்றிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபுக்களின் புதல்வர்கள் அங்குத் திரண்டனர். பாடமோ இலத்தீனும் கிரேக்கமுமே. எழுத்தும் கணக்கும் வேண்டிய உள்ளூர்க் கடைக்காரரின் மகனுக்கு அதனால் பயனில்லை. தம் அறக்கட்டளை பிறர் கைப்பட்டதைக் கண்ட ஊர்மக்கள் சான்சரி நீதிமன்றத்தை நாடினர். 1810இல் நீதிபதி சர் வில்லியம் கிராண்ட் பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்தார். வெளியூராரைச் சேர்க்க நிறுவியவரே இசைந்திருந்தார் என்பது அதன் அடிப்படை. சாசனத்தின் எழுத்து காக்கப்பட்டது; அதன் கருத்து தோற்றது. பின்னர், 1861இல் அமைக்கப்பட்ட கிளாரண்டன் ஆணைக்குழுவின் ஆய்வைத் தொடர்ந்து 1868இல் பொதுப்பள்ளிகள் சட்டம் வந்தது. உள்ளூராரின் பழைய உரிமை அதனால் மேலும் தளர்ந்தது. அவர்களுக்கென 1876இல் ஹாரோவின் நிர்வாகிகள் தனியே வேறொரு பள்ளியைத் திறந்தனர்.

செல்வர் அங்குத் தேடியது எதனை? 1888இல் ஹாரோவில் சேர்ந்த வின்ஸ்டன் சர்ச்சில், நுழைவுத் தேர்வின் இலத்தீன் தாளில் ஒரு வினாவிற்கும் விடையெழுத இயலவில்லை என்று தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் இடம் கிடைத்தது. தந்தையார் முன்னாள் நிதியமைச்சர் என்பதை வாசகர் கருத்திற்கொள்ளலாம். 1905இல் ஜவாஹர்லால் நேருவை அவர் தந்தை அங்குச் சேர்த்ததும், ஆளும் வர்க்கத்தாரோடு ஒருங்கே பயிலும் வாய்ப்பை நாடியே எனக் கொள்வது பொருந்தும். விற்கப்பட்டது கல்வி மட்டுமன்று, கூட்டுறவும் விற்கப்பட்டது.

அக்கூட்டுறவின் விலை இன்றும் குறையவில்லை. பிரிட்டனில் தனியார் பள்ளிகளில் பயில்வோர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே. ஆனால் 2019இல் வெளியான ஆய்வறிக்கையொன்று, மூத்த நீதிபதிகளுள் 65 விழுக்காட்டினர் அப்பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் எனக் காட்டிற்று. எனவே பெற்றோரின் ஆவலை வெறும் மயக்கம் என ஒதுக்க இயலாது. மறுபுறம், பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் தேர்வுவழிப் பள்ளிகளைப் பற்றி 2014இல் வெளிவந்த ஆய்வையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவை கட்டணமற்ற அரசுப் பள்ளிகளே எனினும், அவற்றில் இடம்பெறப் போட்டி கடுமையானது. மயிரிழையில் இடம் பெற்றோரையும் மயிரிழையில் தவறவிட்டோரையும் ஒப்பிட்டபோது, பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிறந்த மாணவரைப் பொறுக்கியெடுத்த பள்ளி, அவர்தம் சிறப்பைத் தன் சிறப்பாகக் காட்டுகிறது.

ஆகவே அறிவை நாடி அவ்வாயிலில் நிற்போரின் தவிப்பிற்குப் போதிய நியாயமில்லை. செல்வாக்கை நாடி நிற்போர்க்கு நியாயமுண்டு. ஆனால் அந்நியாயம் சமூகத்தின் குறையிலிருந்து பிறந்தது. அதற்குப் பெற்றோரைவிட, ஏழைக்கென எழுதப்பட்ட சாசனத்தைக் காக்கத் தவறிய பொறுப்பாளர்களே முதலில் விடை கூறவேண்டும். கல்வி அறநிலையங்களை இன்று நடத்துவோர்க்கும் இவ்வினா உரியதே.

ஜான் லயனின் கதைக்குப் பின்னுரை ஒன்றுண்டு. சாலைப் பராமரிப்பிற்கென அவர் ஒதுக்கிய வருவாய், 1991 முதல் இலண்டன் பகுதியின் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் உதவித்தொகையாக வழங்கப்பட்டு வருகிறது. பள்ளிக்கென வைத்த பொருள் ஊர்ச் சிறுவரை விட்டகன்றது. சாலைக்கென வைத்த பொருளோ நான்கு நூற்றாண்டுகள் கழிந்து அவர்களை வந்தடைந்தது.