கோத்தர் இசையில் ஆட்ட மெட்டுகள்

நீலகிரி மலையில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் பழங்குடிகளுள் கோத்தர் எண்ணிக்கையில் சிறிய குடியினர். கொல்லிமலை, திருச்சிகடி, சோலூர்க் கோக்கால், குந்தா கோத்தகிரி, புதுக்கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, கூடலூர்க் கோக்கால் என அவர்களுக்கு ஏழு ஊர்கள் உண்டு. (இந்தக் கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ள மலையன்று, நீலகிரியில் உள்ள ஒரு சிற்றூர்.) கோத்தகிரி என்ற நகரின் பெயரே ‘கோத்தர் கேரி’ என்பதிலிருந்து வந்ததென்பர். கொல்லர், குயவர், தச்சர், இசைக்கலைஞர் ஆகிய நான்கு தொழில்களையும் ஒரே குடியினர் செய்தது இந்திய வரலாற்றில் அரிதான செய்தி.

கோத்தரைப் பற்றிய பழைய நூல்களைப் புரட்டினால், அவர்கள் அண்டைக் குடியினரின் சாவு வீடுகளில் வாசித்தவர்கள் என்ற குறிப்புத்தான் முதலில் கண்ணில் படும். அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. அவர்களுடைய இசையின் மகிழ்ச்சியான பகுதி அவர்களது ஊருக்குள்ளேயே இருந்தது. அதை வெளியார் அதிகம் கேட்கவில்லை. ஆகவே அதிகம் எழுதவுமில்லை.

இசைக்குழுவின் தலைமைக் கருவி ‘கொள்’. நாகசுரம்போல் சீவாளி வைத்து ஊதப்படும் குழல் இது. ‘கொப்’ என்பது வளைந்த ஊதுகொம்பு; தமிழ்ச் சொல்லின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. தட்டையான ‘தபட்க்’ என்னும் பறையும், உருளை வடிவான இரண்டு முழவுகளும், தாளமும் உடன் ஒலிக்கும். கருவிகளை இசைப்போர் ஆண்கள். பெண்கள் பாடுவர், ஆடுவர்.

கொள் குழலில் வாசிக்கும் மெட்டுகளை அவர்கள் மூன்றாகப் பிரிக்கின்றனர். தெய்வத்துக்கு உரியவை ‘தேவ்ர் கொள்’, இறப்புக்கு உரியவை ‘தாவ் கொள்’, ஆட்டத்துக்கு உரியவை ‘ஆட் கொள்’. இந்தப் பிரிவு ராகத்தையோ சுரத்தையோ வைத்துச் செய்ததன்று. எப்போது, எங்கே, எதற்காக வாசிக்கலாம் என்பதை வைத்துச் செய்தது. சில தெய்வ மெட்டுகள் சடங்கின் ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்கே உரியவை. சாவு மெட்டைத் திருவிழாவில் வாசிப்பது ஆகாது.

இன்றைய மாணவர்க்கு இதை விளக்க வீடியோ விளையாட்டு ஓர் எளிய உவமை. 1986ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற கதை விளையாட்டுக்குக் கொய்ச்சி சுகியாமா இசை அமைத்தார். அரண்மனைக்கு ஒன்று, ஊருக்குக் குதூகலமான ஒன்று, வெட்டவெளிக்கு ஒன்று, குகைக்கு ஒன்று, போருக்கு ஒன்று என மொத்தம் எட்டே மெட்டுகள். ஆடுபவர் கண்ணை மூடிக்கொண்டாலும் தாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காதால் அறிவார். கோத்தர் ஊரிலும் அப்படித்தான். தொலைவில் குழல் கேட்டாலே என்ன நடக்கிறது என்று ஊரார்க்குத் தெரிந்துவிடும். ஒரு வேறுபாடு உண்டு: விளையாட்டின் ஊர் மெட்டு யார் கேட்டாலும் குதூகலமாகவே ஒலிக்கும், கோத்தரின் ஆட்ட மெட்டையும் சாவு மெட்டையும் பழக்கமில்லாத காது எளிதில் பிரித்தறியாது.

ஆட்ட மெட்டுகள் பெரிதும் ஒலிப்பது குளிர்காலத்தில், மார்கழி, தை மாதங்களை ஒட்டி வரும் தெய்வத் திருவிழாவில். நீண்ட அங்கி அணிந்த ஆண்கள் வட்டமாகச் சுற்றி ஆடுவர். பெண்கள் ஆட்டமும் உண்டு. தாள நடைகளுக்குத் தனிப் பெயர்கள் உள்ளன. எளிய நடை ‘சாதா தாக்’. திரும்பித் திரும்பி ஆடுவதற்குரியது ‘திருகனாட் தாக்’. இறப்புச் சடங்கிலும் மகிழ்ச்சிக்கு இடம் இருந்தது என்பது வியப்பூட்டும். பிணத்தை எரிக்கும் ‘பச்சைச் சாவு’ ஒன்று, பின்னொரு காலத்தில் பலருக்கும் சேர்த்துச் செய்யும் ‘வறள் சாவு’ மற்றொன்று. இரண்டாவது சடங்கு ஆட்டத்துடன் முடியும். துக்கம் முடிந்துவிட்டது என்பதை ஊர் அறிவதற்கு அந்த ஆட்டமே அடையாளம்.

இனி, வெளியாருக்கு வாசித்த இசையின் கதை. படகர் குடும்பங்களுக்கும் கோத்தர் குடும்பங்களுக்கும் இடையே பரம்பரை ஏற்பாடு இருந்தது. இரும்புக் கருவியும் மண்பானையும் இசையும் கொடுத்துத் தானியம் பெற்றனர். தோடர்களிடமிருந்து நெய்யும், இறந்த எருமைகளும் கிடைத்தன. காப்பியும் தேயிலையும் வந்து, சந்தையில் கத்தியும் மண்வெட்டியும் விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் இந்த ஏற்பாடு தளர்ந்தது. 1930களில் படகருள் சீர்திருத்தம் நாடியோர், கோத்தர் இசை இனி வேண்டாம் என்றனர். சமவெளியில் பறை கொட்டுவோரைத் தாழ்வாக நினைத்த மனப்பான்மை மலைக்கும் ஏறியிருந்தது. பழைய வழக்கத்தை விடமாட்டோம் என்ற படகரும் இருந்தனர். இசையை முன்னிட்டு ஒரே சமூகம் இரண்டுபட்டது.

கோத்தர் பக்கத்திலும் மாற்றம் விரும்பியோர் இருந்தனர். அவர்களுள் பெயர்பெற்றவர் கொல்லிமலையைச் சேர்ந்த சுல்லி என்ற பள்ளி ஆசிரியர். ஆங்கிலம் கற்ற அவர், நீண்ட குடுமியை வெட்டிக்கொண்டு ஊராரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். செத்த எருமையை உண்பது போன்ற, அண்டையார் இகழக் காரணமான வழக்கங்களைக் கைவிட வேண்டும் என்று வாதாடியவர் அவர். மொழியியல் அறிஞர் எமனோவும் மானிடவியல் அறிஞர் டேவிட் மண்டல்பாமும் கோத்தரைப் பற்றி அறிந்தவற்றில் பெரும்பகுதி சுல்லி சொன்னதே. எமனோ தொகுத்த ‘கோத்தா டெக்ஸ்ட்ஸ்’ 1944 முதல் 1946 வரை வெளிவந்தது. எழுத்தில்லாத மொழிக்கு ஓர் ஆசிரியரின் நினைவாற்றல் ஏடாக அமைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நாளடைவில் பிறர் சாவுக்கு வாசிப்பது குறைந்து, பெரும்பாலும் நின்றது. படகர் ஊர்களில் இருளர், குறும்பர் குழுக்கள் அந்த இடத்துக்கு வந்தன. தங்களுக்காக வாசிப்பதை மட்டும் கோத்தர் நிறுத்தவில்லை. மெட்டுகளை விரிவாக ஆராய்ந்தவர் ரிச்சர்ட் வுல்ஃப் என்ற அமெரிக்க இசை அறிஞர். 1990களின் தொடக்கத்தில் கோத்தருடன் தங்கி, கொள் வாசிக்கவும் பழகி, ‘தி பிளாக் கவ்ஸ் ஃபுட்பிரிண்ட்’ என்ற நூலை எழுதினார். மெட்டுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் உள்ள பிணைப்பே அந்நூலின் பொருள்.

இக்காலத்தில் அரசு விழாக்களிலும் சுற்றுலா மேடைகளிலும் கோத்தர் குழுக்கள் ஆடுவதைக் காணலாம். தெய்வ மெட்டும் சாவு மெட்டும் மேடைக்கு ஆகாதவை என்பதால், அங்கே ஒலிப்பவை ஆட்ட மெட்டுகளே.