கோப்பைக் காணவில்லை: விண்டோஸ் படிம நிறுவலில் ஒரு பிழைச்செய்தியின் வரலாறு

ஒரு கணினியில் விண்டோஸ் இயங்குதளத்தை நிறுவி, வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து, அந்த நிலையை அப்படியே ஒரு படிமமாகப் பிடித்துப் பல கணினிகளில் இறக்கும் வழக்கம் 1990களின் நடுப்பகுதியில் பரவியது. அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் இதை 'இமேஜ் போடுவது' என்பார்கள். அன்று முதல் இந்த வேலையோடு கூடவே வரும் பிழைச்செய்தி ஒன்று உண்டு: இன்ன கோப்பைக் காணவில்லை, அல்லது அது பழுதடைந்துள்ளது. கோப்பின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறியது. வாசகம் பெரிதாக மாறவில்லை.

செய்தியை நம்பி அந்தக் கோப்பை வேறொரு கணினியிலிருந்து நகலெடுத்து வைத்தவர்கள் ஏராளம். அதுவும் பலிக்காதபோது வன்தட்டையே அழித்து முதலிலிருந்து தொடங்கியவர்களும் உண்டு. அப்படி அழிந்த வன்தட்டில் பயனரின் ஆவணங்களும் இருந்திருக்கும். இச்செய்தி தோன்றிய சூழல்களை வரிசையாகப் பார்த்தால், கோப்பு பல நேரம் அதன் இடத்திலேயே இருந்ததும், தேடிய நிரலிடம் இருந்த முகவரி தவறாக இருந்ததும் தெரியவரும்.

முதல் காலம்: என்டிஎல்டிஆர்

1993 ஜூலையில் வெளியான விண்டோஸ் என்டி 3.1 முதல் விண்டோஸ் எக்ஸ்பி வரை, தொடக்க ஏற்றியின் பெயர் என்டிஎல்டிஆர். வட்டுப்பிரிவின் முதற்பகுதியில் உள்ள மிகச்சிறிய தொடக்க நிரல், மூலக் கோப்புறையில் இந்தப் பெயருள்ள கோப்பைத் தேடும். கிடைக்காவிட்டால் 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்ற வரியைத் திரையில் இட்டு நின்றுவிடும்.

இச்செய்தியைப் பலர் முதன்முதலில் பார்த்தது நெகிழ்வட்டு ஒன்றை அதன் இயக்ககத்திலேயே மறந்து விட்டுவிட்ட காலையில்தான். என்டியில் வடிவமைத்த ஒவ்வொரு நெகிழ்வட்டிலும் அதே தொடக்க நிரல் எழுதப்பட்டிருக்கும். கணினி முதலில் நெகிழ்வட்டைப் படித்து, அதில் ஏற்றியைத் தேடி, இல்லை என்று சொல்லும். வன்தட்டில் ஒரு குறையும் இராது.

படிமம் இறக்குவோருக்கு வந்த சிக்கல் இதைவிட ஆழமானது. தன் வட்டுப்பிரிவு வன்தட்டின் எத்தனையாவது பிரிவகத்தில் தொடங்குகிறது என்ற எண்ணைத் தொடக்கப் பிரிவகம் தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. எக்ஸ்பி காலத்தில் முதல் வட்டுப்பிரிவு வழக்கமாக 63ஆம் பிரிவகத்தில் தொடங்கும். விஸ்டாவிலிருந்து அது 2048 ஆனது. ஒன்றில் பிடித்த பிரிவை மற்றொன்றில் பிட்டுக்குப் பிட்டாக ஒட்டினால், தொடக்க நிரல் பழைய எண்ணை வைத்துக்கொண்டு வேறெங்கோ போய்ப் படிக்கும்.

நியூசிலாந்தின் பைனரி ரிசர்ச் நிறுவனம் 1996இல் வெளியிட்ட கோஸ்ட் மென்பொருள் இவ்வேலைக்குப் பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். அது கோப்பு முறைமையைப் புரிந்துகொண்டு நகலெடுத்தது. இறக்கும்போது இத்தகைய எண்களையும் இடத்துக்கேற்பத் திருத்தியது. 1998இல் சைமன்டெக் இந்நிறுவனத்தை வாங்கியது. நம் ஊர்க் கணினிக் கடைகளில் 'கோஸ்ட் அடிப்பது' என்பது வினைச்சொல்லாகவே ஆனது.

ஹால் கோப்பும் பூட்.ஐஎன்ஐயும்

என்டிஎல்டிஆர் கிடைத்த பிறகு அடுத்த தேடல் தொடங்கும். விண்டோஸ் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதை ஏற்றி தானாகக் கண்டுபிடிப்பதில்லை. பூட்.ஐஎன்ஐ என்ற சிறிய உரைக்கோப்பில் எழுதியிருப்பதை அப்படியே நம்பும். அதிலுள்ள முகவரி ஆர்க் எனப்படும் பாணியில் அமைந்தது. கட்டுப்படுத்தி இது, வட்டு இது, வட்டுப்பிரிவு இது, கோப்புறை இது என்று எண்களால் சொல்வது. இதில் கட்டுப்படுத்தியும் வட்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும். வட்டுப்பிரிவு மட்டும் ஒன்றிலிருந்து எண்ணப்படும். ஒரே வரியில் இரண்டு எண்ணும் முறைகளை வைத்த இந்த ஏற்பாட்டை யாரும் பாராட்டிக் கேட்டதில்லை.

மாதிரிக் கணினியில் ஒரே ஒரு வட்டுப்பிரிவு. அங்கே பூட்.ஐஎன்ஐயில் எழுதியிருப்பது பிரிவு 1. படிமம் இறங்கும் கணினியிலோ தயாரிப்பாளர் வன்தட்டின் முன்பகுதியில் சோதனைக் கருவிகளுக்கென ஒரு மறைவான பிரிவை வைத்திருக்கிறார். எனவே விண்டோஸ் இறங்கியது பிரிவு 2இல். கணினியை இயக்கினால் எக்ஸ்பி சொல்வது: சிஸ்டம்32 கோப்புறையில் ஹால்.டிஎல்எல் கோப்பைக் காணவில்லை, அல்லது அது பழுதடைந்துள்ளது. அக்கோப்பை மீண்டும் நிறுவவும்.

இந்த வரிகளில் ஓர் இடத்தில்கூட 'நான் பார்த்தது முதல் பிரிவை' என்ற தகவல் இல்லை. ஏற்றி தவறான வீட்டின் கதவைத் தட்டிவிட்டு, ஆளைக் காணவில்லை என்று திரும்பி வருகிறது. எந்த வீட்டைத் தட்டினோம் என்று சொல்வதில்லை. பிரிவு எண்ணைத் திருத்தினால் போதும், கணினி எழுந்துவிடும். எக்ஸ்பியின் மீட்பு முனையத்தில் இதற்கெனவே பூட்சிஎஃப்ஜி என்ற கட்டளை இருந்தது. அது வன்தட்டில் உள்ள விண்டோஸ் நிறுவல்களைத் தேடிப் பூட்.ஐஎன்ஐயை மீண்டும் எழுதும். ஆனால் செய்தி சொன்னது 'கோப்பை மீண்டும் நிறுவுக' என்று. நிறுவட்டிலிருந்து ஹால்.டிஎல்எல்லை விரித்து, இருந்த நல்ல கோப்பின் மேலேயே எழுதியவர்கள் அதே செய்தியை மறுபடியும் பார்த்தார்கள்.

அப்படி மேலெழுதுவது தீங்கற்றதும் அன்று. ஹால் என்பது வன்பொருளுக்கும் இயங்குதளக் கருவுக்கும் இடைப்பட்ட அடுக்கு. நிறுவட்டில் அதற்குப் பல வகைகள் வெவ்வேறு பெயர்களில் இருந்தன. ஏசிபிஐ உள்ள கணினிக்கு ஒன்று, இல்லாததற்கு வேறொன்று, பல செயலிகள் கொண்டதற்கு இன்னொன்று. நிறுவும்போது விண்டோஸ் பொருத்தமானதைத் தேர்ந்து, ஹால்.டிஎல்எல் என்ற ஒரே பெயரில் சேமிக்கும். வேறு வகையை அந்த இடத்தில் வைத்தால் காணாமற்போன கோப்பு என்ற செய்தி வராது. கணினி பேசாமல் உறைந்து நிற்கும். பெயர் சரியாக இருந்தும் உள்ளடக்கம் பொருந்தாத இந்த நிலை, எக்ஸ்பி காலத்தில் வன்பொருள் வகைக்கொரு படிமம் வைத்திருக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது. விண்டோஸ் 2000 உடன் பரவலான சிஸ்பிரெப் கருவி பெயர், பாதுகாப்பு அடையாள எண் போன்ற தனித்தன்மைகளைப் படிமத்திலிருந்து நீக்கித் தந்தது. ஹால் வகையை அது முழுதாகத் தீர்க்கவில்லை.

பட்டியலில் இல்லாத கோப்பு

படிமம் பிடிக்காமல், நிறுவட்டையே மாற்றியமைத்து நிறுவியவர்களின் கதை வேறு. எக்ஸ்பியின் ஐ386 கோப்புறையில் கோப்பைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. நீலத்திரையில் எழுத்துகளாக ஓடும் முதற்கட்டம் டெக்ஸ்ட்செட்டப் என்ற பட்டியலை மட்டுமே பார்த்து நகலெடுக்கும். கோப்புறையில் இருந்தும் பட்டியலில் இல்லாத இயக்கி, அந்தக் கட்டத்தைப் பொறுத்தவரை இல்லாததே. பட்டியலில் ஒரு வரியைப் பிழையாக எழுதினாலோ, பட்டியலையே 'பழுதடைந்தது அல்லது காணவில்லை' என்பார்கள்.

சிஸ்பிரெப்பின் விடைக்கோப்பில் இயக்கிகளின் பாதையை எழுதும் வரி இன்னொரு பொறி. அந்தப் பாதை விண்டோஸ் இருக்கும் இயக்ககத்தைச் சார்ந்தே படிக்கப்படும்; முன்னால் இயக்கக எழுத்தையும் சேர்த்து முழுப்பாதையாக எழுதினால் இயக்கி கிடைக்காது. முழு முகவரி எழுதுவதே பாதுகாப்பு என்று பழகியவர்கள்தான் இதில் அதிகம் சிக்கினார்கள்.

எக்ஸ்பி நிறுவலின் வரைகலைக் கட்டத்தில் 'ஏஎஸ்எம்எஸ் கோப்பு தேவை' என்று கேட்டு நிற்கும் காட்சியும் இவ்வகையே. ஏஎஸ்எம்எஸ் என்பது குறுவட்டில் உள்ள ஒரு கோப்புறை. முதற்கட்டத்தில் கிடைத்த குறுவட்டு இயக்ககம், அடுத்த கட்டத்தில் விண்டோஸின் சொந்த இயக்கி பொறுப்பேற்றபின் தெரியாமற்போனால் இச்செய்தி வரும். வட்டு அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். படிப்பவர் மாறிவிட்டார், அவ்வளவே.

விஸ்டா: புதிய ஏட்டில் பழைய வழக்கு

2006 நவம்பரில் நிறுவனங்களுக்கு வெளியான விஸ்டா இரண்டு பெரிய மாற்றங்களைச் செய்தது. நிறுவட்டே விம் எனப்படும் படிமமாக மாறியது. விம் கோப்புகளை அடிப்படையாகக் கொண்டது. ஒரே கோப்பு பல இடங்களில் இருந்தால் அதன் உள்ளடக்கத்தை ஒருமுறைதான் சேமிக்கும். என்டிஎல்டிஆர் போய் பூட்எம்ஜிஆர் வந்தது, பூட்.ஐஎன்ஐக்குப் பதில் பிசிடி என்ற தரவுத்தளம் வந்தது. ஹால் வகைச் சிக்கலும் பெரும்பாலும் ஒழிந்தது.

கோப்புகளை மட்டும் கொண்டதால் விம்மில் தொடக்கப் பிரிவகம் இராது. இதிலிருந்து விசித்திரமான ஒரு பிழை பிறந்தது. எக்ஸ்பி காலக் கருவியால் வடிவமைத்த வட்டுப்பிரிவில் விண்டோஸ் 7 படிமத்தை விரித்தால், கணினி 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று சொல்லும். செய்தி உண்மையே, விண்டோஸ் 7இல் அப்படியொரு கோப்பு கிடையாது, இருக்கவும் கூடாது. பழைய தொடக்க நிரல் பழைய ஆளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து வைப்பது வீண். பூட்செக்ட் கருவியால் தொடக்க நிரலை மாற்றி எழுதுவதே மருந்து.

பிசிடி வட்டுப்பிரிவை வரிசை எண்ணால் அடையாளம் காண்பதில்லை. பழைய பாணி வன்தட்டின் முதற்பிரிவகத்தில் உள்ள 4 பைட் வட்டுக் கையொப்பத்தையும், பிரிவு தொடங்கும் இடத்தையும் குறித்து வைத்துக்கொள்கிறது. ஹால் காலக் குழப்பத்துக்கு இது நல்ல தீர்வு. ஆனால் மாதிரிக் கணினியின் பிசிடியைப் படிமத்தோடு வேறு வன்தட்டுக்குக் கொண்டுபோனால் கையொப்பம் பொருந்தாது. மாதிரி வன்தட்டையும் அதன் நகலையும் ஒரே கணினியில் இணைத்தால் இன்னும் மோசம். ஒரே கையொப்பம் கொண்ட இரண்டைக் கண்டால் விண்டோஸ் ஒன்றை இணைப்பற்ற நிலையில் வைக்கும். அதை நாம் இயங்கு நிலைக்குக் கொண்டுவந்தால் அதன் கையொப்பத்தை மாற்றி எழுதிவிடும். பிறகு அந்த வன்தட்டு தன் சொந்தக் கணினியிலேயே தொடங்காது. திரையில் வின்லோட் கோப்பின் பெயர் தோன்றும். வின்லோட் அதே இடத்தில் நலமாக இருக்கும்.

இந்தத் திரையில் முன்பில்லாத ஓர் உதவி இருந்தது: நிலைக் குறியீடு. சி என்று தொடங்கிப் பூஜ்யங்கள் நிறைந்த அந்த எண், இ எழுத்தில் முடிந்தால் 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று பொருள். எஃப் எழுத்தில் முடிந்தால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பொருள். முதலாவது பிசிடி காட்டும் வட்டு கிடைக்கவில்லை என்பதைச் சொல்கிறது. இரண்டாவதில்தான் கோப்பைத் தேடவோ பாதையைச் சரிபார்க்கவோ காரணம் உண்டு. வாக்கியம் மறைத்ததைக் கடைசி எழுத்து சொல்லிவிடுகிறது. எழுத்து ஒன்றுதான் வேறுபாடு என்பதால் பலர் இரண்டையும் ஒன்றாகவே படித்தார்கள்.

2009இல் விண்டோஸ் 7 உடன் வந்த பிசிடிபூட், பிசிடியைச் சுமந்து செல்லும் பழக்கத்துக்கு முடிவு கட்டியது. படிமத்தை விரித்தபின் அந்தந்தக் கணினியிலேயே பிசிடியைப் புதிதாக உருவாக்கும் கருவி அது. யூஇஎஃப்ஐ கணினிகள் பரவியபோது இதன் பயன் கூடியது. ஒரே படிமத்தில் வின்லோட்டின் இரண்டு வடிவங்களும் இருக்கும்: இஎக்ஸ்இ என்பது பழைய பயாஸுக்கு, இஎஃப்ஐ என்பது புதியதற்கு. எதைக் காட்ட வேண்டும் என்பதை பிசிடிபூட் கணினியைப் பார்த்து முடிவு செய்யும்.

விண்டோஸ் 7 காலத்தின் இன்னொரு செய்தி, யூஎஸ்பி 3.0 துளையில் செருகிய நினைவுக்குச்சியிலிருந்து நிறுவும்போது வருவது: தேவையான குறுவட்டு இயக்கி இல்லை. குறுவட்டே சம்பந்தப்படாத இடத்தில் இப்படி வந்தால் யாருக்குத்தான் புரியும்? பயாஸ் அந்தக் குச்சியைப் படித்து நிறுவல் சூழலை ஏற்றியது. பொறுப்பேற்ற சூழலிடம் யூஎஸ்பி 3.0 இயக்கி இல்லாததால், தான் வந்த குச்சியே அதற்குத் தெரியவில்லை. ஏஎஸ்எம்எஸ் கதைதான், பாத்திரங்கள் மட்டும் வேறு. குச்சியை யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றினாலே பலருக்கு வேலை முடிந்தது.

வேண்டுமென்றே இல்லாத கோப்புகள்

2012 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 8, டாட்நெட் 3.5 கூறின் கோப்புகளை நிறுவிய வட்டில் வைப்பதில்லை. அம்சத்தின் பெயர் பட்டியலில் தெரியும். கோப்புகள் மைக்ரோசாஃப்டின் இற்றைச் சேவையிலிருந்தோ, நிறுவு ஊடகத்தின் சோர்சஸ் கோப்புறைக்குள் உள்ள எஸ்எக்ஸ்எஸ் உட்கோப்புறையிலிருந்தோ வர வேண்டும். இற்றைகளைத் தன் சொந்த வழங்கியிலிருந்து தரும் அலுவலகங்களில் முதல் வழி அடைபட்டிருக்கும். படிமத்தில் அம்சத்தைச் சேர்க்க முயன்றவர்களுக்கு டிஸ்ம் கருவி சொன்னது: மூலக்கோப்புகளைக் காணவில்லை.

இம்முறை கோப்புகள் உண்மையாகவே வட்டில் இல்லை. பழைய அனுபவம் உள்ளவர்கள் பாதையையும் அனுமதிகளையும் சோதித்துக் காலம் கழித்தார்கள். சிலர் வேறொரு விண்டோஸ் வெளியீட்டின் எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையைக் காட்டினார்கள். கோப்புகள் கண்முன் இருந்தும் டிஸ்ம் அதே வரியைத் திரும்பச் சொன்னது. மூலத்தின் வெளியீட்டு எண், படிமத்தின் வெளியீட்டு எண்ணோடு பொருந்த வேண்டும். மூலமாக ஒரு விம் கோப்பைக் காட்டினால், அதற்குள் அடுக்கியுள்ள பதிப்புகளில் எத்தனையாவது என்ற எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்த எண்ணும், பூட்.ஐஎன்ஐயின் வட்டுப்பிரிவைப் போலவே, ஒன்றிலிருந்து தொடங்குகிறது.