மிதிவண்டியும் தூக்குமேசையும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வு எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதை அறிய, அவர்தம் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஊர்தியும் ஒரு சான்றாகும். கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர்க்கு முதற்சான்று மிதிவண்டி. அடுத்தது மோட்டார் சைக்கிள். இன்றைய சான்று, அம்மோட்டார் சைக்கிளை இடுப்புயரத்திற்கு ஏற்றி நிறுத்திப் பழுதுபார்க்க உதவும் தூக்குமேசை. பட்டறைகளில் ‘லிஃப்ட்’ என வழங்கும் இக்கருவி, இப்பொழுது வீட்டு முன்கூடங்களிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. வெறும் இரும்பாகத் தோன்றும் இதற்கும் நம் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலும் உருளையும்

காற்றடைத்த ரப்பர் உருளையை ஜான் பாய்ட் டன்லப் 1888ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதன்பின் மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் உலகெங்கும் பெருகின; ரப்பரின் தேவையும் பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்றின் இருமருங்கும் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே என்பார் இவ்வட்டாரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். 1917ஆம் ஆண்டில் அவர் தென்னமரம் தோட்டத்தில் நட்ட செம்பனையே இந்நாட்டில் வாணிக நோக்குடன் பயிரிடப்பட்ட முதற் செம்பனை. பின்னாளில் மலாயாவைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய புதினம் 1930ஆம் ஆண்டின் கொன்கூர் பரிசைப் பெற்றது. நாட்டின் செம்பனை வரலாறு தொடங்கிய இடத்தின் பெயர் தமிழ்ப்பெயராக இருப்பது தமிழாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்கூறத் தக்க செய்தியாகும்.

அத்தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, காண்டாக் கம்பில் பால்வாளி சுமந்தவர் நம் முன்னோர். அவர்கள் இறக்கிய பால், உலகத்து வண்டிகளுக்கெல்லாம் உருளையாயிற்று. ஆனால், அவர்கள் நடந்தே சென்றனர். சிறுகச் சிறுகச் சேமித்து மிதிவண்டி வாங்கியவர்க்கும் அதில் அமர்ந்து செல்லும் உரிமை முழுமையாக வாய்க்கவில்லை.

இறங்கிச் சென்ற காலம்

எதிரே துரை வந்தாலும், கிராணி முதலிய ஆசிய அலுவலர் வந்தாலும், தொழிலாளி வண்டியை விட்டு இறங்கி நிற்றல் வேண்டும் என்பது அக்காலத் தோட்டத்தின் எழுதாச் சட்டம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம் இவ்வழக்கத்தை நேருக்கு நேர் எதிர்த்தது. ஆர். எச். நாதனைத் தலைமைச் செயல்வீரராகக் கொண்டு, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் வழிநடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் ஊதிய உயர்வு இருந்தது. மருத்துவ வசதி இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களின் மானத்திற்குக் காப்பு ஆகியனவும் இருந்தன. அவற்றோடு, மேலாளர் முன்னும் அலுவலர் முன்னும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் தனியொரு கோரிக்கையாக இடம்பெற்றது.

கூலிக்குப் போராடியவர் மிதிவண்டியையும் ஏன் சேர்த்தனர் என மாணவர் வினவலாம். வயிற்றுப் பசிக்கு ஊதியம் விடை கூறும். தன்மானப் பசிக்கு வேறு விடை வேண்டும். தன் உழைப்பில் வாங்கிய வண்டியில் தான் அமர்ந்து செல்லவும் பிறர் இசைவு வேண்டுமெனில், அவ்வண்டி எங்ஙனம் அவனுடையதாகும்? அவ்வாண்டு மே மாதம் நாதன் கைதானார். போராட்டம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. மே 16ஆம் நாள் மாநிலத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படையினர் இறக்கப்பட்டனர், உயிர்கள் பலியாயின. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் ஒடுக்கப்பட்டது, எனினும் அக்கோரிக்கை வரலாற்றில் நிலைத்துவிட்டது.

கப்சாய் வந்த வரலாறு

1958ஆம் ஆண்டில் ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ எனும் சிறிய மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. கிளட்சுப் பிடி இல்லாமையால் ஓட்டுவது எளிது. எரிநெய்ச் செலவும் குறைவு. சீனாவிலிருந்து சிறுவனாகப் பினாங்கு வந்து, பேருந்துகளைக் கழுவியும் பட்டறையில் உழைத்தும் முன்னேறிய லோ பூன் சியூ என்பார் அதனை இந்நாட்டில் விற்கும் உரிமை பெற்றார். ‘கப்’ என்ற பெயரோடு, சிறியது எனப் பொருள்படும் கண்டோனியச் சொல்லான ‘சாய்’ சேர, ‘கப்சாய்’ பிறந்தது. இன்று இவ்வகை வண்டிகள் யாவற்றுக்கும் அதுவே பொதுப்பெயர். 2017ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பத்துக் கோடி சூப்பர் கப் வண்டிகள் உற்பத்தியாகியிருந்தன.

தவணைக் கொள்முதலை முறைப்படுத்தும் சட்டம் 1967ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தலைக்கவச விதி 1973ஆம் ஆண்டில் வந்தது. கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை 1970களில் அமைந்தது. தோட்டத்து இளைஞன் தவணையில் வண்டி வாங்கினான். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய சிற்றூர்களுக்கும் அப்பாலுள்ள தொழிற்சாலைகளுக்கும் தோட்டத்திலிருந்தே சென்றுவரும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டியது. பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர்மாற்றம் பெற்றது.

ஆயின், நாட்கூலிக்காரனுக்கு வண்டி ஒருநாள் ஓடாவிடில் ஒருநாள் ஊதியம் போயிற்று. பட்டறைக் கூலியோ தவணைக்கு மேல் வந்த சுமை. எனவே, சங்கிலியைத் தானே இறுக்கினான். எண்ணெயைத் தானே மாற்றினான். பிரேக் கட்டையைத் தானே பொருத்தினான். லயத்து முற்றத்தில் மண்தரையே பட்டறை, மரக்கட்டையே தாங்கி, மாமரக் கிளையில் கட்டிய கயிறே தூக்கி. குந்தியிருந்து குனிந்து செய்த வேலையில் இடுப்பு நொந்தது; கட்டை நழுவினால் வண்டி காலின்மேல் சாய்ந்தது. பட்டணத்துச் சீனர் பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவரும் உளர். அவர்கள் கற்றவை ஏட்டில் ஏறவில்லை, கையில் ஏறின.

தூக்குமேசையின் இயல்பு

தூக்குமேசையின் அடிப்படை பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியாகும். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் குறைவின்றிப் பரவும். சிறிய உலக்கை ஒன்றை மிதித்தால், அவ்வழுத்தம் எண்ணெய் வழியே பெரிய உலக்கையை அடைந்து பன்மடங்கு விசையாகும். ஜோசப் பிராமா 1795ஆம் ஆண்டில் இவ்விதியைக் கொண்டு அழுத்தப் பொறி ஒன்றை அமைத்தார். ரிச்சர்ட் டட்ஜன் 1851ஆம் ஆண்டில் எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வழி வந்ததே இன்றைய தூக்குமேசை. கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்ட இரும்புக்கால்கள் விரிய, மேசை உயர்கிறது. ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள கப்சாயும் கால் மிதிக்கு இணங்கி எழுகிறது.

இதனைப் பயன்படுத்துவோர் ஓர் ஒழுங்கைக் கைக்கொள்ளல் வேண்டும். சமமான சிமெந்துத் தரையில் மேசையை வைத்து, அதன் தாங்கும் எடையை முதலில் அறிதல் வேண்டும். வண்டியை ஏற்றி முன்சக்கரத்தைப் பற்றுக்கருவியில் இறுக்கி, கைப்பிடியின் இருபுறமும் வார்கொண்டு கட்டுதல் வேண்டும். உயர்த்தியபின் பூட்டுத்தண்டைச் செருகுதல் தலையாயது. ஏனெனில், எண்ணெய் உயர்த்துவதற்கு உரியது. தாங்குவதற்கு உரியது இரும்பு. எண்ணெய் கசியுமாயின் மேசை தாழும். பூட்டுத்தண்டு இருப்பின் தாழாது. பின்சக்கரத்தைக் கழற்றுங்கால் எடைநிலை மாறும் என்பதால், அதற்குமுன் சட்டத்தின் பின்பகுதிக்குத் தனித் தாங்கல் கொடுத்தல் நன்று. இறக்கும்போது வால்வை மெல்லத் திறத்தல் வேண்டும். சிறுவரை அருகே விடலாகாது.

மேசையின்றி எஞ்சினுக்கு அடியிலிருந்து தூக்கும் சிறு ஜாக்கிகளும் உண்டு. கப்சாயில் எஞ்சினைக் கீழிருந்து தாங்கும் சட்டம் இல்லை. எஞ்சின் தொங்கி நிற்கும். ஆதலால், முழுவண்டியும் ஏறி நிற்கும் மேசையே அதற்குப் பொருத்தமானது. இந்நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதை எண்ணுவோர், தேய்ந்த உருளையையும் தளர்ந்த சங்கிலியையும் கண்மட்டத்தில் வைத்து நோக்குவதன் அருமையை உணர்வர்.

கையறிவுக்குரிய மதிப்பு

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, பல கைமாறின. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அடுக்கு வீடுகளையும் தொடர் வீடுகளையும் அடைந்தன. முற்றம் போயிற்று; மாமரமும் போயிற்று. எஞ்சியது தந்தையிடமிருந்து மகன் பெற்ற கையறிவு. வீட்டு முன்கூடத்துத் தூக்குமேசை அவ்வறிவின் தொடர்ச்சி.

இக்கையறிவுக்கு இன்று சட்டத்தின் ஏற்பும் உண்டு. தேசிய ஆற்றல் மேம்பாட்டுச் சட்டம் 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பட்டறை அனுபவத்தையே சான்றாகக் காட்டி, மதிப்பீட்டுக்குப்பின் மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி உள்ளது. படிப்பை இடையில் விட்டவன் எனத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் இளைஞனுக்கு இவ்வழியைக் காட்டுதல் ஆசிரியர் கடமை. வண்டியின் உறுப்புகளைத் தமிழில் பெயரிட்டு விளக்கவும், பாஸ்கலின் விதியை மேசையருகில் நின்று கற்பிக்கவும், பெற்றோரின் பட்டறை நினைவுகளை எழுதிவரச் செய்யவும் ஆசிரியரால் இயலும். எழுதப்படாத தொழில்வரலாறு அவ்வாறு எழுத்தில் ஏறும்.

துரையின்முன் மிதிவண்டியை விட்டு இறங்கமாட்டோம் என்று 1941இல் எழுந்த குரல், தன் வண்டி தனக்கே உரியது என்ற குரலாகும். தன் வண்டியின் ஒவ்வோர் ஆணியையும் தானே அறிந்து, தன் வீட்டில் தானே ஏற்றிப் பழுதுபார்ப்பவன் அவ்வுரிமையை முழுமையாக்குகிறான். அவனுக்கு அந்த வரலாற்றையும் சேர்த்து அளிப்பது கற்றோர் நம் கடன்.