ஏட்டில் எழுதிய பெயர்கள்

நம் பங்கு இல்லங்களின் அலமாரிகளில் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் இருப்பதை வாசகர் பலரும் கண்டிருப்பர். பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள், குருவின் கையொப்பம் என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும். 1563ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் திரிதெந்து பொதுச்சங்கம், திருமணங்களை ஏட்டில் எழுதி வைக்கவும், திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயர்களைக் குறிக்கவும் பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. மறைவாக மணந்து பின் கைவிடும் கொடுமையைத் தடுப்பதே அதன் முக்கிய நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் 370 ஆண்டுகளுக்குப் பின் அத்தகைய ஏடுகளை வேறொரு கை புரட்டியது.

1933 ஏப்ரல் 7ஆம் நாள் ஹிட்லரின் அரசு, யூத வழியினரை அரசுப் பணியிலிருந்து விலக்கச் சட்டம் இயற்றியது. பாட்டன் பாட்டியருள் ஒருவர் யூதராயினும் வேலை போயிற்று. ஆகவே ஒவ்வொருவரும் தம் முன்னோரின் பிறப்புக்குச் சான்று தேட நேர்ந்தது. ஜெர்மனியில் நாடு முழுவதற்குமான அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியது 1876இல்தான். அதற்கு முற்பட்ட செய்தி கோவில் ஏடுகளில் இருந்தது. கத்தோலிக்கப் பங்குகளிலும் லூத்தரன் சபைகளிலும் ஏட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பது அன்றாட அலுவலாயிற்று.

அக்குருக்களைத் தொலைவிலிருந்து கடிந்துரைப்பது எளிது. சான்று கேட்டு வந்தவருள் மிகப் பலர் அவர்களின் சொந்தப் பங்கு மக்களே. மறுத்திருந்தால் பிழைப்பை இழப்பவரும் அம்மக்களே. எனினும், ஒருவர் யூதரல்லர் என்று காட்டிய அதே ஏடு, இன்னொருவரின் பாட்டனார் யூத சமயத்திலிருந்து வந்து திருமுழுக்குப் பெற்றவர் என்பதையும் காட்டிக் கொடுத்தது. அருளின் அடையாளமாக எழுதப்பட்ட வரி குற்றப் பத்திரிகையாக மாறிய இந்நிகழ்ச்சி, பதிவேட்டைக் காக்கும் பொறுப்புடைய நம்மைச் சும்மா விடுவதில்லை.

ஹாலந்து நாட்டின் கதை இன்னும் கொடியது. அங்கே ஒவ்வொரு நகராட்சியும் தன் மக்களைப் பற்றிய அட்டைகளைச் செம்மையாகப் பேணி வந்தது. பெயர், முகவரி, தொழில், பிள்ளைகள், சமயம் அனைத்தும் அதில் உண்டு. ஒருவர் ஊர் மாறினால் அட்டையும் அவரைத் தொடர்ந்து போகும். மக்கள்பதிவுத் துறைத் தலைவர் யாக்கோபுஸ் லென்ட்ஸ் இம்முறையைச் சீராக்கியவர். அவர் யூதரை வெறுத்தவர் என்பதைவிட, தம் பதிவுமுறையில் மயங்கியவர் என்பதே பொருந்தும். எல்லாருக்கும் அடையாள அட்டை வேண்டும் என்ற கருத்தை 1940இன் தொடக்கத்தில் டச்சு அரசு ஏற்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தனர். 1941இல் புகைப்படமும் விரல்ரேகையும் கொண்ட அட்டை வந்துவிட்டது. யூதரின் அட்டையில் ஒரு தனி எழுத்தும் பொறிக்கப்பட்டது.

1941 சனவரியில் யூத வழியினர் அனைவரும் பதிந்துகொள்ள ஆணை பிறந்தது. ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தனர். அந்நாட்டில் வாழ்ந்த சுமார் 1,40,000 யூதருள் 1,00,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒளிந்துகொள்ள மலையோ பெருங்காடோ இல்லாத சமவெளி நாடு, ஆக்கிரமித்தவரின் கடும் ஆட்சி என்று வரலாற்றாசிரியர் பல காரணங்களைக் கூறுவர். அவற்றுள் அந்த அட்டைகளையும் தவறாது சேர்ப்பர்.

1942 சூலை 26, ஞாயிற்றுக்கிழமை, யூதர் நாடுகடத்தப்படுவதைக் கண்டிக்கும் ஆயர்களின் சுற்றுமடல் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டாம் என்ற நெருக்குதலுக்கு உட்ரெக்ட் பேராயர் யான் டி யோங் இணங்கவில்லை. பழிவாங்கல் உடனே வந்தது. அடுத்த ஞாயிறு, ஆகஸ்டு 2ஆம் நாள், யூத வழிவந்த கத்தோலிக்கர் 200க்கும் மேற்பட்டோர் வீடுகளிலும் துறவு மடங்களிலும் கைது செய்யப்பட்டனர். ஒரு வாரத்தில் அவர்களைத் தேடிப் பிடிக்க முடிந்தது எவ்வாறு? தேடவே வேண்டியிருக்கவில்லை, பட்டியல் முன்னமே இருந்தது. எக்ட் ஊர்க் கார்மேல் மடத்திலிருந்து எதித் ஸ்டெயினும் அவர் தமக்கை ரோசாவும் கொண்டு செல்லப்பட்டு, ஆகஸ்டு 9ஆம் நாள் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். 1998இல் திருச்சபை அவரைத் திருச்சிலுவையின் தூய தெரேசா பெனடிக்டா எனப் போற்றியது.

ஏட்டின் ஆற்றலை உணர்ந்த சிலர் அதையே அழிக்கத் துணிந்தனர். 1943 மார்ச் 27ஆம் நாள் இரவு, ஓவியர் வில்லெம் அரோந்தேயுஸ், சிற்பி ஹெரிட் வான் டெர் வேன் முதலியோர் காவலர் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துள் நுழைந்தனர். வாயிற்காவலர்களை மருந்தூசியால் மயக்கி, கொல்லாமல் வெளியே கிடத்திவிட்டுத் தீ வைத்தனர். இரகசியமாக அவர்களை ஆதரித்த தீயணைப்புப் படையினர், எரியாத அட்டைகள் நனைந்து கெடும்படி வேண்டுமென்றே தண்ணீரைப் பாய்ச்சினராம்! இவ்வளவு செய்தும் சுமார் 8,00,000 அட்டைகளில் 15 விழுக்காடே அழிந்தது. சூலை 1ஆம் நாள் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1944 ஏப்ரல் 11இல், எதிர்ப்பியக்கத்தாரின் வேண்டுகோளின்படி, தி ஹேக் நகரில் அடையாள அட்டைகளின் படிகள் இருந்த கிளைகாம்ப் மாளிகைமீது பிரித்தானிய வானூர்திகள் குண்டு வீசின. அங்கே வேலை பார்த்த எழுத்தர் சுமார் 60 பேர் இறந்தனர். போருக்குப் பின் லென்ட்ஸ் பெற்ற தண்டனை மூன்றாண்டுச் சிறை.

இன்று அட்டைகளை எரிக்கவும் இயலாது. அமெரிக்க உளவு அமைப்பு, குற்றம் சாட்டப்படாத கோடிக்கணக்கானோரின் தொலைபேசி அழைப்பு விவரங்களைத் திரட்டியதை 2013இல் எட்வர்டு ஸ்னோடன் வெளிப்படுத்தினார். நம் நாட்டில் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள இடந்தருகிறது. இப்பொழுதுள்ள ஆட்சியாளர் நல்லவரா என்று மட்டும் கேட்டால் போதாது. 1936இல் அட்டை எழுதிய டச்சு எழுத்தர்கள் நல்ல அரசுக்காகவே எழுதினார்கள்.

திருச்சபைச் சட்டத்தின் 220ஆம் பிரிவு, தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமையை மதிக்கச் சொல்கிறது. 535ஆம் பிரிவு, பங்கு ஏடுகள் அயலார் கைக்குப் போகாதவாறு பங்குத்தந்தை கவனிக்க வேண்டும் என்கிறது. நாம் பழைய ஏட்டைப் பூட்டி வைக்கிறோம். ஆனால் பங்குக் குடும்பங்களின் பிறந்த நாள், தொழில், கைபேசி எண், புகைப்படம் அனைத்தையும் ஒரே கோப்பாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். அக்கோப்பு இப்பொழுது யார் யாரிடம் இருக்கிறது என்பது அதைத் தொகுத்தவருக்கும் தெரியாது. ஒப்புதல் அளித்தீர்களா என்று அக்குடும்பங்களை எவரும் கேட்டதுமில்லை.