மஞ்சள் அட்டையும் கறுப்புக் கையுறையும்

தமிழிலே ‘மஞ்சட் பத்திரிகை’ என்றால், வீட்டிலுள்ள சிறுவர் கண்ணிற் படாது மறைத்து வைக்கவேண்டிய ஏடு என்பது பொருள். இத்தாலியருடைய மொழியிலும் மஞ்சளுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஆனால் அது வேறு வழியாக வந்து சேர்ந்தது. 1929ஆம் ஆண்டில் மிலான் நகரத்து மொந்தாதோரி பதிப்பகத்தார் துப்பறியும் நவீனங்களை வரிசையாக வெளியிடத் தொடங்கி, அவற்றுக்கெல்லாம் மஞ்சள் நிற அட்டை இட்டனர். முதல் நூல் அமெரிக்கரான வான் டைன் எழுதியது. எட்கார் வாலஸ், ஸ்டீவன்சன் ஆகியோரின் நூல்கள் உடன் வந்தன. சில ஆண்டுகளுக்குள் ‘ஜல்லோ’, அதாவது மஞ்சள், என்ற நிறப்பெயரே துப்பறியும் கதைக்குப் பெயராகிவிட்டது. ஓர் இத்தாலியர் தாம் மஞ்சள் ஒன்று வாசிப்பதாகச் சொன்னால், கொலைக்கதை வாசிக்கிறார் என்பதே கருத்து.

முசோலினியின் ஆட்சிக்கு இந்த மஞ்சள் உகக்கவில்லை. ஒழுங்கு நிலைநாட்டப்பட்ட நாடென்று பறைசாற்றப்பட்ட இத்தாலியிலே குற்றம் நிகழ்தலாகாது அல்லவா? செய்தித்தாள்களிற்கூடக் குற்றச் செய்திகள் சுருக்கப்பட்டன. 1941இல் மஞ்சள் வரிசை நிறுத்தப்பட்டது. தெ வின்செஞ்சி என்னும் பொலிஸ் அதிகாரியைத் தம் கதைகளிற் படைத்த ஒகுஸ்தோ தெ ஆஞ்சலிஸ் சிறை வைக்கப்பட்டார். விடுதலையான பின்னர் ஒரு பாசிசவாதியின் அடிகளால் நலிந்து, 1944இல் உயிர் நீத்தார். வரிசை மீண்டும் வெளிவந்தது 1946இலேதான். பின்னாளில் இத்தாலியப் படமாளிகைகளிற் பெருகிய இரத்தக் காட்சிகளைக் கண்டு முகஞ்சுளிப்போர், கொலையைக் கருவாகக் கொண்டு கதை எழுதுவதே அந்நாட்டில் ஒருகாலத்தில் ஆபத்தான தொழிலாயிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அட்டையிலிருந்த மஞ்சள் திரைக்கு வந்தது மரியோ பாவாவின் கையால். சிற்பமும் திரைத் தந்திரக் காட்சிகளும் கைவந்த தந்தைக்கு 1914இற் பிறந்தவர் அவர். ஒளிப்பதிவாளராய் நெடுங்காலம் உழைத்தபின்பே நெறியாளரானார். 1963இல் ‘அளவுக்கு மிஞ்சி அறிந்த பெண்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தையும், அடுத்த ஆண்டில் ‘கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்’ என்ற வர்ணப் படத்தையும் எடுத்தார். ஓர் ஆடையலங்கார நிலையத்தில் அழகுநடைப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுவதே இரண்டாவது படத்தின் கதை. முகமற்ற வெள்ளை மறைப்பு, நீண்ட மேலங்கி, கறுப்புக் கையுறை என்னும் கொலைஞனின் வேடம் இப்படத்திலேதான் நிலைபெற்றது. முதல் மிகச் சொற்பம். கமராவை நகர்த்தத் தண்டவாளம் வாங்க வழியின்றிச் சிறுவர் இழுத்து விளையாடும் வண்டியொன்றில் அதனை ஏற்றி நகர்த்தினார்கள். ஆயினும் அந்த நிலையத்தின் அறைகளிற் பச்சையும் ஊதாவும் சிவப்புமாகப் பாயும் ஒளியைக் காண்பவர், இது வறுமையின் வேலை என்று நம்பமாட்டார். பெயர்கள் காட்டப்படும் தொடக்கத்திலேயே நடிகர்கள் ஆடை மாட்டும் பொம்மைகளின் அருகே அசைவற்று நிற்கிறார்கள். இந்த வகைப் படங்களின் வலிமையும் இழிவும் அந்தக் காட்சியிலே சேர்ந்து நிற்கின்றன.

அக்காலத்து இத்தாலியில் இத்தகைய படங்களுக்குச் சந்தை எங்கிருந்து வந்தது? 1955இல் மட்டும் அந்நாட்டில் 81 கோடிக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. பெருநகரத்தின் முதற்சுற்றுப் படமாளிகையில் ஓடி முடிந்த படம், பின்னர் இரண்டாம் மூன்றாம் சுற்றுக்களாகப் புறநகருக்கும் சிற்றூருக்கும் சென்றது. அங்கே மக்கள் பாதியில் வருவார்கள், பேசுவார்கள், புகைப்பார்கள். அவர்களைத் திரைபக்கம் திருப்பச் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஏதேனும் நிகழ்ந்தே தீரவேண்டும். கதை அறுந்தும் தொடுத்தும் செல்வதற்கும், கொலைக் காட்சிகள் மாத்திரம் நாடகத்தின் உச்சம்போல் நுணுக்கமாக அமைக்கப்பட்டதற்கும் இதுவே முக்கிய காரணம். உரையாடலோ படப்பிடிப்பின்போது பதிவாகவில்லை. அமெரிக்கரும் ஸ்பானியரும் ஜேர்மனியரும் தத்தம் மொழியிற் பேச, பின்னர் வேறு குரல்கள் சேர்க்கப்பட்டன. உதடும் ஒலியும் பொருந்தாத அந்த அந்நியத்தன்மையைச் சிலர் இன்று கனவுத்தன்மை என்று போற்றுகின்றனர். அது பெரும்பாலும் சிக்கனத்தின் விளைவே.

1970இல் டாரியோ ஆர்ஜென்தோவின் ‘பளிங்குச் சிறகுப் பறவை’ வெளியானபோது நிலைமை மாறியது. அவர் ரோமாபுரிச் செய்தித்தாளொன்றில் திரைப்பட விமர்சகராயிருந்தவர். அப்போது வயது 29. தந்தையே தயாரிப்பாளர். இசை என்னியோ மொரிக்கோனே, ஒளிப்பதிவு வித்தோரியோ ஸ்தொராரோ. ரோமாபுரியில் வாழும் அமெரிக்க எழுத்தாளன் ஒருவன் இரவில் ஓவியக் கூடமொன்றைக் கடந்து செல்கிறான். உள்ளே ஒரு பெண்ணும் கறுப்பு உடை தரித்த ஓர் உருவமும் கத்தியுடன் போராடுகின்றனர். உதவ ஓடியவன் இரு கண்ணாடிக் கதவுகளுக்கிடையே சிக்கிக்கொள்கிறான். உள்ளே போகவும் இயலாது. வெளியே வரவும் இயலாது. கத்தினாலும் தெருவுக்குக் கேளாது. அவன் செய்யக்கூடியது பார்ப்பது ஒன்றே. பின்னர் பொலிசாரிடம் கண்டதைக் கண்டபடியே கூறுகிறான். எனினும், அக்காட்சியில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்ற உறுத்தல் அவனை விடுவதில்லை. தாக்கியவர் யார், தாக்கப்பட்டவர் யார் என்பதையே அவன் தலைகீழாக விளங்கியிருந்தான் என்பது இறுதியிலேதான் வெளிப்படுகிறது. அமெரிக்கரான பிரெட்ரிக் பிரவுன் எழுதிய நவீனத்தின் சாயல் கதையில் இருந்தும் அவருக்குப் பெயர் வழங்கப்படவில்லை என்பது ஒரு குறையே.

இப்படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1969 டிசம்பர் 12இல், மிலான் நகரத்தின் வங்கியொன்றிற் குண்டு வெடித்துப் 17 பேர் மாண்டிருந்தனர். முதலில் அராஜகவாதிகள் பிடிக்கப்பட்டனர். பின்னர் தீவிர வலதுசாரிகள் மீது விரல் நீண்டது. விசாரணைகள் பல ஆண்டுகள் இழுபட்டன. பொலிசார் எப்போதும் பிழையான ஆளையே பிடிக்கும் கதை அக்காலத்து மக்களுக்கு வெறுங் கற்பனையாகத் தோன்றியிராது.

வெற்றி வந்தால் போலியும் வரும். ஆர்ஜென்தோ பறவையின் பெயரை இட்டார். உடனே பல்லி, ஓணான், தேள், சிலந்தி என்று மற்றவர்களின் விலங்குக் கூடம் நிறைந்தது. விலங்குக்கும் கதைக்கும் தொடர்பு தேடுவது வீண்வேலை. படத்துக்குப் படம் ஒரே குறியுடைய விஸ்கிப் போத்தல் மேசையில் முகங்காட்டிக்கொண்டிருந்தது. லூச்சியோ புல்ச்சியின் பல்லிப் படத்தில் வயிறு கிழிக்கப்பட்ட நாய்கள் உயிருள்ளவையே என்று நம்பி வழக்குத் தொடுக்கப்பட்டது. அவற்றைச் செய்த கார்லோ ராம்பால்தி பொம்மைகளை நீதிமன்றத்துக்கே கொண்டுசென்று காட்டவேண்டியதாயிற்று.

குறைகளுள் தலையாயது பெண்ணைக் காட்டும் முறை. ஆண் கொலையுண்டால் கமரா விரைவில் அகன்றுவிடும். பெண் கொலையுண்டால் அது நின்று, நெருங்கி, ஆடை விலகுவதையும் சேர்த்துப் பார்க்கும். ஆர்ஜென்தோவின் படங்களிற் கையுறையணிந்த கொலைஞனின் கரங்கள் பெரும்பாலும் நெறியாளருடைய கரங்களே. கொலைஞர் பலர் பெண்களாகவே இருக்கின்றனர் என்று எதிர்வாதம் கூறுவர். அதனால் கமராவின் பார்வை மாறிவிடவில்லை. செர்ஜியோ மார்த்தினோ 1971இல் எடுத்த ‘திருமதி வார்த்தின் விசித்திரத் தீயொழுக்கம்’ போன்றவற்றில், மனைவியின் அச்சம் உண்மையென்றும் சதிசெய்தவர் கணவரே என்றும் காட்டப்படுவது மெய்தான். ஆனால் அந்த நியாயம் வழங்கப்படுவதற்குமுன் தொண்ணூறு நிமிடம் அவளது அச்சமே விற்பனைப் பொருளாகியிருக்கும். அன்றியும், கொலைக்குக் காரணமாகக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு சிறுவயதுத் துயரம் அவசரமாக நுழைக்கப்படும். மனநோயாளரையும் தன்பாற் காதலரையும் ஐயத்துக்கோ நகைப்புக்கோ உரியவராக்குவது வழமை.

ஆயினும் இவ்வகையுள் ஒரு படம் தன் தீமையைத் தானே உணர்ந்தது. அது புல்ச்சி 1972இல் எடுத்தது. தென் இத்தாலியின் மலைக் கிராமமொன்றிற் சிறுவர்கள் கொல்லப்படுகின்றனர். சூனியக்காரி என்று பெயரெடுத்த ஒரு பெண்ணைப் பொலிசார் குற்றமற்றவளென விடுவிக்கின்றனர். ஊர் ஆடவர் சிலர் அவளை இடுகாட்டில் மறித்துச் சங்கிலிகளால் அடிக்கின்றனர். இரத்தம் பெருக மலையேறி ஊர்ந்து புதிய நெடுஞ்சாலையின் ஓரம் வரை வருகிறாள். விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்களின் மோட்டார் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகின்றன. ஒன்றேனும் நிற்கவில்லை. உண்மைக் கொலைஞர், சிறுவரைப் பாவத்தினின்று காப்பதாக எண்ணிய இளங் குருவானவர். இங்கே கொலை அழகாகக் காட்டப்படவில்லை.

1976இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தனியார் உள்ளூர் ஒளிபரப்புக்கு வழி திறந்தது. வீட்டிலே இலவசமாகப் படம் பார்க்கலாமென்றாயிற்று. 1975இற் 50 கோடிக்கு மேலிருந்த சீட்டு விற்பனை, 1980இற் பாதிக்கும் கீழே சென்றது. மூன்றாஞ் சுற்றுப் படமாளிகைகள் மூடப்பட்டன. பாவா அவ்வாண்டு ஏப்ரலிற் காலமானார். கையுறையும் கத்தியும் அமெரிக்கப் படங்களுக்குக் குடிபெயர்ந்தன.

அதற்கு முன் 1975இல் ஆர்ஜென்தோ ‘ஆழ்ந்த சிவப்பு’ என்ற படத்தை எடுத்திருந்தார். அலறல் கேட்டு ஓடிவரும் பியானோக் கலைஞன், வினோத முகங்கள் வரையப்பட்ட ஓவியங்கள் நிறைந்த நடையைக் கடந்து செல்கிறான். பின்னர் அங்கிருந்த ஓர் ஓவியம் காணாமற் போய்விட்டதென்று படம் முழுவதும் தேடுகிறான். அங்கே இருந்தது ஓவியமன்று, நிலைக்கண்ணாடி. அதிற் தெரிந்தது கொலைகாரியின் முகம். அந்த முகத்துக்குரியவர் கிளாரா கலமாய். 1943இல் விஸ்கோந்தியின் முதற் படத்தில் கதாநாயகியாகத் தோன்றி நாடறிந்தவர். அவர் முகம் கண்ணாடியிற் சில கணங்கள் மறைப்பின்றியே காட்டப்படுகிறது. மண்டபத்திலிருந்தோர் எல்லோரும் அதனைப் பார்த்தனர்; ஆனால் ஒருவரும் காணவில்லை.