பேருருவ மரங்களின் பெருவழி

கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில், ஹம்போல்ட் மாவட்டத்தில், ஈல் ஆற்றை ஒட்டி ஒரு பழைய சாலை வளைந்து வளைந்து செல்கிறது. அதன் நீளம் 31 மைல். இரண்டு வண்டிகள் எதிரெதிரே செல்லத்தக்க அகலமே உடைய அச்சாலையின் இருமருங்கும் ரெட்வுட் எனப்படும் செம்மரங்கள் நெருங்கி நிற்கின்றன. (ஆந்திர மலைகளில் விளையும் செஞ்சந்தனத்தையும் தமிழர் செம்மரம் என்பர்; இஃது அதனின் வேறான ஊசியிலை மரம்.) முந்நூறு அடிக்கு மேல் உயர்ந்தவை பல, ஈராயிரம் ஆண்டு அகவை எய்தியவையும் உள. நண்பகலிலும் அங்கே அந்தியின் மங்கலான ஒளியே பரவியிருக்கும். ‘அவென்யூ ஆப் தி ஜயன்ட்ஸ்’, அதாவது பேருருவர் பெருவழி என்பது அச்சாலையின் பெயர்.

இன்று மகிழுந்தில் அவ்வழியே செல்வோர், இக்காடு மனிதர் கைபடாத தொலைவில் இருந்ததால் பிழைத்தது என்று எண்ணிவிடக்கூடும். உண்மை அதுவன்று. சிங்கியோன் பழங்குடியினர் நெடுங்காலம் வாழ்ந்த நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் வந்தேறிகள் அவர்களைக் கொன்றும் துரத்தியும் நிலத்தைக் கைப்பற்றினர்; பின்னர்க் காடு மரக் கம்பெனிகளின் உடைமையாயிற்று. நெடுஞ்சாலை அமைந்ததும் வெட்டுவேலை மேலும் எளிதாயிற்று. ஆயிரம் ஆண்டு நின்ற மரங்கள் தண்டவாளக் கட்டைகளாகவும், கூரைப் பலகைகளாகவும், திராட்சைத் தோட்டத்துக் கொம்புகளாகவும் பிளக்கப்பட்டன.

அதே சாலைதான் காப்பாளரையும் அழைத்து வந்தது. 1917ஆம் ஆண்டு ஜான் மெரியம், ஹென்றி பேர்பீல்டு ஆஸ்போர்ன், மேடிசன் கிராண்ட் ஆகிய மூவர் அவ்வழியே பயணம் செய்தனர். சாலையோரத்தில் நடந்த அழிவைக் கண்ட அவர்கள் மறு ஆண்டே செம்மரக் காப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். ஈண்டு ஒரு கசப்பான உண்மையையும் கூறியாக வேண்டும். மரங்களுக்காக வாதாடிய கிராண்ட், மனிதருள் உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் எனப் பிரித்து நூல் எழுதியவர். 1916இல் வெளிவந்த அந்நூலைப் பின்னாளில் ஹிட்லர் போற்றினார். செம்மரப் பூங்கா ஒன்றில் கிராண்டுக்கு எழுப்பப்பட்டிருந்த நினைவுச்சின்னம் 2021இல் அகற்றப்பட்டது.

பெரியோர் மூவரின் பெயரையே பல நூல்கள் சொல்லும்; ஊரில் நின்று போராடியவர்களோ பெண்கள். 1919இல் யுரேக்கா நகரத்து மகளிர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் லாரா மேஹன். மரத்தொழிலே சோறு போடும் ஊரில், மரத்தை வெட்டாதீர் என்று சொல்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! 1921இல் முதல் தோப்பு வாங்கப்பட்டுப் பூங்கா தோன்றியது. எனினும் டயர்வில் சமவெளியிலும் புல் கிரீக் சமவெளியிலும் இருந்த தலைசிறந்த மரங்கள் பசிபிக் லம்பர் கம்பெனியின் கையில் இருந்தன. 1924 நவம்பரில் டயர்வில்லில் வெட்டுவேலை தொடங்கியதை லாராவும் அவர் கணவரும் நேரில் கண்டனர். உடனே செய்தியை ஊரறியச் செய்தனர், எதிர்ப்புக் கிளம்பியது, வேலை நின்றது. அதனை நினைவூட்டும் பட்டயம் இன்றும் அங்கு உள்ளது.

வாங்குவதற்குப் பணம் வேண்டுமே! ஜான் ராக்கபெல்லர் இளையவர் 20 லட்சம் டாலர் ஈந்தார். பூங்கா நிலம் வாங்க 60 லட்சம் டாலர் கடன் திரட்டுவதற்கு மாநில மக்கள் 1928இல் வாக்களித்து இசைந்தனர். 1931இல் அவ்விரு சமவெளிகளும் பொதுவுடைமையாயின.

ஆயினும் அடிவாரத்தை வாங்கியவர்கள் மேலே உள்ள மலைச்சரிவை வாங்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் புல் கிரீக்கின் மேற்படுகை மொட்டையடிக்கப்பட்டது. 1955 இறுதியில் பெருமழை பெய்தபோது மண்ணும் கல்லும் கட்டைகளும் உருண்டு வந்து ஓடையின் கரைகளை அரித்தன. காப்பாற்றப்பட்ட மரங்களில் நூற்றுக்கணக்கானவை வேரோடு சாய்ந்தன. வேர் அகன்று பரவுமேயன்றி ஆழச் செல்லாத மரம் அது. அதற்குப் பின்னரே மேற்படுகை நிலங்களையும் வாங்கிப் பூங்காவுடன் சேர்த்தனர். 1964 வெள்ளம் சாலையோர ஊரான வீயாட்டையே அடித்துச் சென்றது. சாலைக்கு மேல் 33 அடி உயரத்தில் நீர் நின்ற அளவை அங்கு ஒரு கம்பம் காட்டுகிறது.

1960இல் அகன்ற விரைவுச்சாலை வேறு வழியே திறக்கப்பட்டது. சரக்கு வண்டிகளின் நெரிசல் நீங்கவே, பழைய சாலை காண வருவோருக்கு உரியதாயிற்று. இப்பெயரும் அப்போது நிலைத்தது.

டயர்வில் பேருருவம் என அழைக்கப்பட்ட மரம் ஏறக்குறைய 360 அடி உயரம் நின்று, 1991 மார்ச்சில் விழுந்தது. வெள்ளமும் கோடரியும் வீழ்த்தாத அதனை, சாய்ந்து வந்து மோதிய அண்டை மரம் நிலைகுலையச் செய்தது. விழுந்த ஓசையைத் தொலைவில் இருந்தவர்கள் இரயில் விபத்து என்று நினைத்தனராம். அதனை அறுத்து விற்கவில்லை. விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. படுத்திருக்கும் அடிமரத்தின் அருகே நிற்பவரின் தலைக்கும் மேலே அதன் பட்டை உயர்ந்து தெரிகிறது.