கரையேறிய கலங்கள்



தேவதானத்தில் வாழும் ஒருவன் படகைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது. வயலுண்டு, குளமுண்டு; கடல் இல்லை. ஆயினும் கடலோடும் கலத்தின் கதை மரம் வளரும் மலையிலேதான் தொடங்குகிறது. அக்கதையில் பலரும் கருதிப் பாராத ஒரு பகுதியை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன். கடலில் ஓடும் கலத்தைப் பற்றி நூல்கள் நிறைய உள்ளன. ஓடாமல் கரையில் கிடக்கும் கலத்தைத் தமிழர் எவ்வாறு காத்தனர்?

கி.பி. 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் கடல் கடந்து கடாரம் வரை படை செலுத்தினான் என்பதைத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டு கூறுகிறது. அப்படையைச் சுமந்த மரக்கலங்களுள் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. ஆனால் 1628-இல் மூழ்கிய 'வாசா' என்னும் சுவீடன் நாட்டுப் போர்க்கப்பல் 1961-இல் பெரும்பாலும் சிதையாமலே மேலே எடுக்கப்பட்டது. அந்நாட்டார் நம்மினும் சிறந்த தச்சரோ எனின், அன்று. அக்கப்பல் கிடந்த பால்டிக் கடல் குளிர்ந்தது, உப்புக் குறைந்தது, மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கே தழைப்பதில்லை. நம் கடலோ வெப்பமானது, உவர்ப்பு மிக்கது.

மரம் மட்கும் வகையைச் சற்று அறிந்துகொள்வோம். மரத்தை மட்கச் செய்வது பூஞ்சை. அது வாழ ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் குறைவாக ஈரம் இருப்பின் பூஞ்சை வளராது. நீருள்ளோ சேற்றுள்ளோ முற்றும் புதைந்த மரத்திலும், காற்று எட்டாமையால், அது எளிதில் வளராது. கேரளத்தில் பட்டணம் என்னும் ஊரில் 2007-இல் அகழ்ந்தபோது, ஆஞ்சிலி மரத்தில் குடைந்த ஓடம் ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள அவ்வோடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக அழியாதிருந்தமைக்கு அதனை மூடியிருந்த ஈரச் சேறே காரணம்.

முழு உலர்ச்சிக்கும் முழு நனைவுக்கும் இடைப்பட்ட நிலைதான் ஆபத்தானது. கரையில் ஓய்ந்து கிடக்கும் படகு இருப்பது அந்நிலையிலேதான். இங்கு ஒரு விந்தையும் உண்டு. படகை மட்கச் செய்வதில் கடல்நீரைவிட மழைநீர் கொடியது. உப்பு பூஞ்சையைத் தடுக்கும்; நன்னீரோ பலகை இடுக்கில் தேங்கி அதனை வளர்க்கும். மழைக்கு அஞ்சி வெயிலில் போட்டாலோ, பலகை சுருங்கிப் பிளக்கும், பொருத்துவாய்கள் விரியும். தரையிற் படிந்தால் கறையான் ஏறும். காற்றுப் புகாமல் மூடினால் உள்ளேயே புழுங்கும். ஆகவே நம் நாட்டுப் படகை மூடவும் வேண்டும். அது மூச்சுவிட இடம் தரவும் வேண்டும்.

இதனை நம் கடலோர மக்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்தது அது. மென்மரம் நீரை உறிஞ்சிக் கனக்கும். எனவே கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்து மணலில் உலர வைப்பர். மறுபடி கடலுக்குச் செல்லும்போது மீண்டும் கட்டுவர். கட்டுதல் எவ்வளவு முதன்மையோ அவிழ்த்தலும் அவ்வளவு முதன்மை.

சென்னையில் துறைமுகம் அமையுமுன், அலை கடந்து மக்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது மசூலாப் படகு. அதில் பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னைநார்க் கயிற்றால் தைத்திருந்தனர். கயிறு நைந்ததும் தையலைப் பிரித்து, பழுதான பலகையை மாற்றி, மீண்டும் தைக்க அது இடந்தந்தது. கேரளத்துச் சுண்டன் வள்ளங்களை நீர்விழா முடிந்தபின் கரையேற்றிக் கொட்டகையின் நிழலில் வைத்து, மீனெண்ணெய் பூசிக் காப்பர். எண்ணெய் ஈரத்தின் போக்குவரவைத் தணிக்கும். நிழல் பிளவைத் தடுக்கும். திறந்த பக்கங்கள் காற்றை விடும்.

கடலறியாத எங்கள் பகுதியினருக்கும் இது புதிதன்று. திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்ததும் தேர் நிலைக்குத் திரும்பும். இழுப்பது சில நாள். நிற்பது பல மாதம். நிற்கும் காலத்தில் மழையினின்றும் வெயிலினின்றும் காத்தாலன்றி அடுத்த ஆண்டு வடம் பிடிக்க இயலாது.

மரத்தின் தரமும் இங்கு எண்ணத்தக்கது. நெப்போலியப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஓக்கு மரம் அருகியது. எனவே பம்பாயில், வாடியா குடும்பத்துத் தச்சர் தலைவர் ஜம்ஷெட்ஜி போமன்ஜி, மலபார்த் தேக்கில் போர்க்கப்பல் ஒன்றைக் கட்டினார். 1817-இல் நீரில் இறங்கிய அக்கப்பலுக்குத் திருகோணமலையின் பெயரால் 'டிரிங்கோமலி' என்று பெயரிட்டனர். அது 1819-இல் போர்ட்சுமத் துறையை அடைந்தபோது போர் ஓய்ந்திருந்தது. 1845 வரை அது பணியின்றியே கிடந்தது. இரும்பை அரிக்கும் காடிப்பொருள் ஓக்கில் மிகுதி. தேக்கிலோ கறையானையும் பூஞ்சையையும் எதிர்க்கும் எண்ணெய்ப் பசை உண்டு. இன்று ஆர்ட்டில்பூல் நகரில் காட்சியளிக்கும் அக்கப்பல் 200 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஆயினும் தேக்கு மட்டுமே அதனைக் காத்ததென எண்ணற்க. 2001-இல் நிறைவுற்ற நெடிய திருப்பணியும் அதற்குத் தேவைப்பட்டது.

இப்போது தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்வளம் பெருகுவதற்கான அத்தடைக்காலம் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் காலமாகவும் அமைகிறது. ஆனால் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரிதும் பிடித்துக்கொண்டன. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் இம்மாற்றம் விரைந்தது. மீனவர் உழைப்பைக் குறைக்கும் மாற்றத்தைக் குறைகூறுவது முறையன்று. எனினும் மரக்கலம் மறையும்போது அதனைப் பேணிய அறிவும் உடன் மறையும். சோழர் கலங்கள் மட்கிப்போயின. அவற்றை ஒத்த கைவினையின் எச்சம் வயது முதிர்ந்த தச்சர், பரதவர் நினைவில்தான் இருக்கிறது.

ஆகவே கடலோர ஊர்களில் பயிலும் மாணவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. உங்கள் ஊர் முதியவரிடம் செல்லுங்கள். எந்த மரம், எந்த எண்ணெய், எத்தனை நாள் உலர்த்தல், எந்தக் கட்டு என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். கல்வெட்டில் இடம்பெறாத வரலாறு அது. எழுதுவார் இன்றேல் ஒரு தலைமுறையில் அற்றுப்போகும்.